பூமியின் நாடி பார்த்த பேராசிரியர் ஜான் மில்ன்

நிலத்தினும் நிலையானது வேறொன்று உண்டு என்று மக்கள் எளிதில் நம்பார். பொறுமைக்கு உவமை வேண்டின் நிலத்தையே காட்டுகின்றோம். உறுதிக்கு உவமை வேண்டினும் அதனையே நாடுகின்றோம். குடிசை கட்டுவோனும் கோபுரம் எழுப்புவோனும் தம் காலடியிலுள்ள மண் அசையாது என்னும் நம்பிக்கையின்மேலேயே முதற் கல்லை வைக்கின்றனர். அந்நம்பிக்கை ஒருநாள் ஒரு நிமிட நேரம் பொய்த்துவிடுமாயின், பல தலைமுறையாகத் தேடிய தேட்டமெல்லாம் இடிபாட்டுக் குவியலாகிவிடுகின்றது. பெற்றோரும் பிள்ளைகளும் அதன்கீழ் மறைந்துபோகின்றனர். புயலுக்கு முன்னே கருமேகம் தோன்றும். வெள்ளத்திற்கு முன்னே மழை பெய்யும். நிலநடுக்கமோ நாம் அறியத்தக்க முன்னறிவிப்பு யாதுமின்றி வருவது. ஆதலின் இயற்கையின் இடர்கள் அனைத்தினும் அதுவே மாந்தரை மிகவும் திகைக்கச் செய்தது.

திகைத்த உள்ளம் காரணம் தேடாமல் இராது. உலகைத் தாங்கும் ஆதிசேடன் ஒரு தலையினின்றும் மற்றொரு தலைக்குச் சுமையை மாற்றுங்கால் நிலம் நடுங்குகின்றது என்று நம் நாட்டில் கூறினர். ஜப்பானியர் நிலத்தினடியில் பெரியதொரு கெளுத்தி மீன் கிடந்து புரள்கின்றது என்றனர். பூமியின் உட்புழைகளில் அடைபட்ட காற்று வெளிப்பட முயல்வதே காரணம் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் கொண்டனர். 1755-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, லிஸ்பன் மாநகரின் தேவாலயங்கள் வழிபட வந்தோர்மேல் இடிந்து வீழ்ந்தபோது, ஐரோப்பிய அறிஞர் பலரும் இதனைக் குறித்து ஆழ்ந்து சிந்திக்கலாயினர். அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர், 1857-இல் நேபிள்ஸ் நாட்டில் நேர்ந்த பூகம்பத்தின் சுவடுகளை, ராபர்ட் மாலெட் என்னும் ஐரிஷ் பொறியாளர் ஊர் ஊராகச் சென்று அளந்து ஆராய்ந்தார். ஆயினும் அவர் கண்டவை நடுக்கம் ஒழிந்தபின் எஞ்சிய தடங்களே. நடுங்கும்போதே நிலம் தன் அசைவைத் தானே எழுதிவைக்குமாறு கருவி அமைத்தவருள்ளும், அக்கருவிகளை உலகெங்கும் பரப்பி அவை எழுதியவற்றை ஓரிடத்தில் தொகுத்தவருள்ளும் தலையாயவர் ஜான் மில்ன். அவர் வரலாற்றை நம் கலாசாலை அன்பர்க்குச் சுருக்கி உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மில்ன் 1850-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 30-ஆம் தேதி இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிறந்தார். லங்காஷயர் நாட்டைச் சார்ந்த ராச்டேல் என்னும் ஊரில் வளர்ந்தார். லண்டன் கிங்ஸ் கலாசாலையிலும், பின்னர் அரசாங்கச் சுரங்கக் கல்விச்சாலையிலும் பயின்று, கனிப்பொருள்களையும் பாறைகளையும் பற்றிய அறிவில் தேர்ந்தார். ஏட்டுக் கல்வியோடு அமைந்துவிடும் இயல்பினர் அல்லர் அவர். மாணவப் பருவத்திலேயே ஐஸ்லாந்துத் தீவின் பனிப்பரப்பைக் காணச் சென்றார். அட்லாண்டிக் கடலின் அடியில் தந்திக் கம்பி இட்டுப் புகழ்பெற்ற ஸைரஸ் பீல்டு என்பவரின் வேண்டுகோட்கிணங்கி, நியூபவுண்டுலாந்து, லாபிரடார் என்னும் குளிர்நாடுகளில் கனிவளம் தேடினார்.

நம் வாசகர்க்கு இனிதாய் இருக்கும் செய்தி ஒன்று ஈண்டுக் குறிக்கத்தக்கது. மோசே நியாயப்பிரமாணம் பெற்ற சீனாய் மலை ஓர் எரிமலையாய் இருத்தல் வேண்டும் என்று சார்லஸ் பீக் என்னும் ஆராய்ச்சியாளர் அக்காலத்தில் ஒரு கொள்கை வெளியிட்டிருந்தார். மலை புகைந்ததும் அதிர்ந்ததும் அதனாலேயே என்பது அவர் கருத்து. அம்மலையைத் தேடி 1873-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அரேபியாவின் வடமேற்குப் பகுதிக்குப் புறப்பட்டபோது, நிலநூல் வல்லவராக உடன் சென்றவர் இருபத்து மூன்று வயதேயான மில்ன். அங்கே கண்ட மலையில் எரிமலைக்குரிய அடையாளம் யாதும் இல்லை. பீக்கும் அதனை ஒப்புக்கொண்டார். விரும்பிய கொள்கையைக் காட்டிலும் கண்ட கல்லே பெரிது என்னும் பாடத்தை மில்ன் இளமையிலேயே கற்றனர் எனலாம்.

அந்நாளில் ஜப்பான் தேசம் தன் பழைய கதவுகளைத் திறந்து, மேனாட்டுக் கலைகளை விரைந்து கற்கத் தொடங்கியிருந்தது. டோக்கியோவில் நிறுவப்பெற்ற பொறியியற் கலாசாலைக்குச் சுரங்கவியலும் நிலநூலும் கற்பிக்கும் ஆசிரியராக மில்ன் 1875-இல் நியமனம் பெற்றார். கடல்வழியே செல்லுதல் எளிதாயிருந்தும் அவர் அவ்வழியை விரும்பவில்லை. ருஷ்யாவையும் சைபீரியாவையும் மங்கோலியாவையும் தரைவழியே கடந்து, பனியிலும் குளிரிலும் பல மாதங்கள் பயணம் செய்து, 1876-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டோக்கியோ சேர்ந்தார். சேர்ந்த அன்றிரவே அவர் படுத்திருந்த இடம் அதிர்ந்தது என்பர். ஜப்பானில் வாழ்வார்க்கு அது புதுமையன்று. சமைக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கும்போதும் நிலம் நடுங்குவதை அந்நாட்டார் வழக்கமாகக் கொண்டிருந்தனர். பிறர் சலித்துக்கொண்ட இவ்வழக்கமே மில்னுக்கு ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

1880-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 22-ஆம் தேதி யோகோஹாமாத் துறைமுகத்தை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. புகைபோக்கிகள் பல சரிந்தன. உயிர்ச்சேதம் மிகுதியாக இல்லையெனினும் அச்சம் மிகுதியாயிற்று. இதனை வாய்ப்பாகக் கொண்டு மில்னும் அவர் நண்பரும் அவ்வாண்டிலேயே ஜப்பான் பூகம்ப ஆராய்ச்சிச் சங்கத்தை நிறுவினர். நிலநடுக்கத்தை ஆராய்வதற்கென்றே உலகில் தோன்றிய முதற் சங்கம் இதுவே. ஜப்பானியரும் அயல்நாட்டாரும் இதில் ஒருங்கே உறுப்பினராயினர். ஆண்டுதோறும் அது வெளியிட்ட தொகுதிகளில் மிகப் பல கட்டுரைகள் மில்னின் கையால் எழுதப்பெற்றவை.

முதலில் அவர் விடை காண விரும்பிய வினா எளிமையானது. டோக்கியோவில் உணரப்படும் நடுக்கங்கள் எத்திசையினின்றும் வருகின்றன? இதற்கு அவர் கைக்கொண்ட உபாயம் நம்மை வியக்கச் செய்கின்றது. நகரைச் சுற்றிலும் நூறு மைல் தொலைவிற்குட்பட்ட ஊர்களின் அரசாங்க அலுவலகங்களுக்கு அஞ்சலட்டைகளைக் கட்டுக்கட்டாக அனுப்பி, வாரத்திற்கு ஓர் அட்டையில் அவ்வாரம் உணர்ந்த நடுக்கங்களைக் குறித்துத் தபாலில் சேர்க்குமாறு வேண்டிக்கொண்டார். அட்டைகள் திரும்பி வந்தன. அவற்றை ஒப்பிட்டு நோக்கியதில், பெரும்பாலான நடுக்கங்கள் வடக்கினின்றும் கிழக்கினின்றும் வருவதும், உள்நாட்டு உயர்மலைகள் அவற்றைத் தடுப்பனபோல நிற்பதும் தெரியவந்தன. பின்னர் அட்டைகளை மேலும் வடக்கே அனுப்பினார், வலை விரிந்தது. இவ்வாறு தொடங்கிய பணியே பிற்காலத்தில், 1885 முதல் 1892 முடிய ஜப்பானில் நேர்ந்த 8,331 நிலநடுக்கங்களின் பட்டியலாக முடிந்தது. கற்றோர் சிலர் நுண்கருவிகளால் கண்டறிந்ததன்று இது. ஊர்தோறும் இருந்த எளிய அலுவலாளர் தாம் உணர்ந்ததை உணர்ந்தவாறே, மறவாமல் எழுதி அனுப்பியதன் பயன். மில்னின் வாழ்க்கை முழுவதற்கும் இவ்வஞ்சலட்டையே சின்னம் என்று நாம் கருதுகின்றோம்.

மக்கள் உணர்வதை மட்டும் நம்பியிருத்தல் போதாது. நிலத்தின் அசைவை அளக்க ஒரு சங்கடம் உண்டு: நிலம் அசையுங்கால் அதன்மேல் உள்ள யாவும், அளக்கும் கருவியும் உட்பட, கூடவே அசைகின்றன. அசையும் படகிலிருந்து படகின் அசைவை அளப்பது எங்ஙனம்? இதற்கு விடை, நிலத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும் ஊசற்குண்டு. சட்டம் நிலத்தோடு நகர, குண்டு தன் கனத்தால் சிறிது நேரம் இருந்தவிடத்தே நிற்கும். இரண்டிற்கும் உண்டாகும் வேறுபாட்டைத் தாளில் பதித்தால் நிலத்தின் அசைவு வரையப்படும். கீலில் சற்றே சாய்வாகப் பொருத்திய கதவு மெல்ல ஆடி நிற்பதுபோல், கிடையாக அமைந்த ஊசல் மிகச் சிறு அசைவையும் காட்ட வல்லது. டோக்கியோவில் உடன் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் ஆல்பிரெட் ஈவிங், தாமஸ் கிரே என்போரும் மில்னும், ஒருவரோடொருவர் கூடியும் போட்டியிட்டும் இத்தகைய பூகம்பமானிகளை அமைத்துச் செப்பஞ்செய்தனர். இப்பெருமை மூவர்க்கும் உரியது. ஒருவர்க்கே உரியதாக்குதல் முறையன்று.

நடுக்கம் வரும்வரை காத்திருக்க மில்னின் ஆர்வம் இடங்கொடுக்கவில்லை. கனத்த இரும்புக் குண்டை உயரத்தினின்றும் வீழ்த்தியும், நிலத்துள் வெடிமருந்தை வெடித்தும் செயற்கை நடுக்கங்களை உண்டாக்கி, அவ்வலைகள் மண்ணிற் பரவும் வகையை அளந்தார். இறுகிய நிலத்தைக் காட்டிலும் நெகிழ்ந்த ஈரநிலம் மிகுதியாக ஆடுகின்றது என்பதையும், ஆழ்ந்த குழியின் அடியில் ஆட்டம் மேற்பரப்பிலுள்ளதினும் குறைகின்றது என்பதையும் கண்டறிந்தார். கட்டடத்தையே நிலத்தினின்றும் பிரித்துவிட்டால் என்ன என்று எண்ணி, ஒரு சிறு கட்டடத்தை இரும்புக் குண்டுகளின்மேல் நிறுத்தியும் பார்த்தார். பெரிய குண்டுகளின்மேல் வைத்தபோது காற்றடித்தாலும் கட்டடம் அசைந்தது. குண்டுகளைச் சிறுகச் சிறுகக் குறைத்து, முடிவில் கால் அங்குல அளவுள்ள இரும்பு மணிகளின்மேல் அமைத்தபோது அது நன்கு நின்றது. இன்று பெரு மருத்துவமனைகளையும் மாளிகைகளையும் ரப்பர் அடுக்குகளின்மேல் நிறுத்தி நிலநடுக்கத்தினின்றும் காக்கும் முறைக்கு, இத்தகைய முயற்சிகளே முன்னோடி எனலாம்.

இதற்கிடையே 1881-இல் மில்ன் ஹக்கோடேட் நகரிலிருந்த ஒரு பௌத்த ஆலயத் தலைவரின் மகளாகிய டோனே ஹொரிகாவா என்னும் பெண்மணியை மணந்தார். ஜாதி, சமயம், நாடு என்னும் வேலிகள் உயர்ந்து நின்ற அக்காலத்தில் இது துணிந்த செயலே. இம்மாதரசி கணவரின் வாழ்நாள் முழுதும் இன்பதுன்பங்களில் பங்குகொண்டார்.

1891-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 28-ஆம் தேதி விடியற்காலையில் ஜப்பானின் நடுநாட்டில், மீனோ, ஓவாரி என்னும் மாகாணங்களைப் பெரும் பூகம்பம் ஒன்று தாக்கியது. 7,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பல்லாயிரம் மக்கள் காயமுற்றனர். ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. நெற்கழனிகளின் குறுக்கே நிலம் பல மைல் நீளம் பிளந்து, நேயோப் பள்ளத்தாக்கில் மிடோரி என்னும் ஊரருகே ஒருபுறம் மற்றொரு புறத்தினும் சுமார் 6 மீட்டர் உயர்ந்து நின்றது. நேரே சென்ற பாதை சுவர்மேல் முட்டுவதுபோல் முடிந்தது. அதனை ஆராய்ந்த கோட்டோ புஞ்சிரோ என்னும் ஜப்பானிய அறிஞர், இப்பிளவு நடுக்கத்தின் விளைவன்று, அதன் காரணமே என்று துணிந்து கூறினார். பாறை நெடுங்காலம் நெருக்குண்டு, பொறுக்கமாட்டாத நிலையில் பிளந்து நழுவுவதே பூகம்பம் என்னும் இக்காலக் கொள்கைக்கு அது வழிகாட்டியது.

மில்ன் அவ்விடங்களுக்குச் சென்று, பர்ட்டன் என்னும் பொறியாளரோடு சேர்ந்து, படங்களோடு கூடிய நூலொன்றை வெளியிட்டார். மேனாட்டு முறையில் செங்கல்லால் புதிதாகக் கட்டிய ஆலைகளும் அலுவலகங்களும் நொறுங்கிக் கிடந்தன. நகாரா ஆற்றின்மேல் இட்ட இரும்புப் பாலம் முறிந்து ஆற்றில் சரிந்தது. பாரமான கூரையைத் தாங்கிய பழைய மரவீடுகளும் குடியிருந்தோரை நசுக்கின. புதியது என்பதால் நல்லதென்றும், பழையது என்பதால் நிலைக்குமென்றும் கொள்ளுதல் தவறு என்பது அவ்விடிபாடுகளில் எழுதியிருந்தது. நிலநடுக்கம் நேரே கொல்வது அரிது. மனிதன் கட்டிய வீடே மனிதனைக் கொல்கின்றது. ஆகவே நடுக்கத்தை நிறுத்தும் ஆற்றல் நமக்கில்லையாயினும், எங்கே கட்டுவது, எவ்வாறு கட்டுவது என்பன நம் கையில் உள்ளவை. இவ்வுண்மையை மில்ன் ஓயாது வற்புறுத்தினார். 1892-இல் ஜப்பானிய அரசாங்கம் பூகம்ப ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்தது. அவரிடம் பயின்ற ஒமோரி புசாகிச்சி பின்னாளில் அக்குழுவின் பெருந்தூணாக விளங்கினார். ஆசிரியன் அயல்நாட்டான், கலையோ மாணவர் நாட்டில் வேரூன்றிவிட்டது.

வாழ்வின் உச்சியில் நின்ற மில்னுக்குப் பேரிடர் ஒன்று வந்தது. 1895-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 17-ஆம் தேதி அவர் வீடு தீப்பற்றி எரிந்தது. கருவிகளும் நூல்களும் பல்லாண்டுக் குறிப்புகளும் சாம்பலாயின. நிலநடுக்கத்தால் வீடிழந்தோரைப்பற்றி எழுதியவர் தாமே தீயால் வீடிழந்து நின்றார். அவ்வாண்டிலேயே, பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஜப்பானை விட்டு மனைவியாரோடு இங்கிலாந்துக்குத் திரும்பினார். மெய்ஜிச் சக்கரவர்த்தி அவருக்கு உதயசூரியப் பட்டயமும் ஓய்வூதியமும் அளித்துச் சிறப்பித்தார். நாற்பத்து நான்கு வயதில் உழைப்பின் பெரும்பகுதியை இழந்தவர் ஓய்ந்து அமர்ந்திருப்பினும் உலகம் குறைகூறியிராது. அவரோ இழந்ததைவிடப் பெரியதொன்றைத் தொடங்கினார்.

தகுந்த கருவி இருப்பின், பூமியில் எங்கே பெருநடுக்கம் உண்டாயினும் அதனை வேறெந்த இடத்திலிருந்தும் அறியலாகும் என்று மில்ன் 1883-ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜெர்மனியில் பாட்ஸ்டம் நகரில் எர்ன்ஸ்டு வான் ரெபூர்-பாஷ்விட்ஸ் என்னும் இளைஞர் வைத்திருந்த நுண்ணிய ஊசல், டோக்கியோவில் நேர்ந்த நடுக்கத்தைப் பதிவு செய்தது. மில்னின் எண்ணம் மெய்யாயிற்று. இனி வேண்டுவது ஒரு கருவியன்று. உலகெங்கும் ஒரே வகையான பல கருவிகள்.

ஒயிட் தீவில் நியூபோர்ட்டுக்கு அருகே ஷைடு என்னும் சிற்றூரில் மில்ன் குடியேறினார். ஜப்பானினின்றும் உடன் வந்த ஷினோபு ஹிரோட்டா என்பவர் அவருக்கு உதவியாளர். அங்கே அவர் அமைத்த கருவி விலையும் குறைந்தது, வேலையும் எளிது. நிறுத்திய தூணொன்றிலிருந்து கிடையாகத் தொங்கும் மெல்லிய அலுமினியக் கோல், அதன் நுனியில் சிறு பிளவுள்ள தகடு, மேலே விளக்கு, கீழே கடிகாரத்தால் மெல்ல நகரும் ஒளிப்படத் தாள். கோல் அசைந்தால் தாளில் ஒளிக்கோடு விரியும். இக்கருவிகளை உலகின் பல பாகங்களிலும் வைக்குமாறு பிரிட்டிஷ் அறிவியற் சங்கத்தின் வாயிலாக அவர் வேண்டினார். டொராண்டோ, நன்னம்பிக்கை முனை, கெய்ரோ, மொரிஷஸ், பட்டேவியா, வெல்லிங்டன் முதலாகச் சுமார் நாற்பது நிலையங்கள் எழுந்தன. காப்டன் ஸ்காட் 1901-இல் தென்துருவப் பகுதிக்குச் சென்ற டிஸ்கவரி என்னும் கப்பலிலும் ஒரு மில்ன் கருவி ஏற்றப்பட்டது.

நம் நாட்டில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இக்கருவிகள் அமைந்தன. மூன்றாவது அமைந்த இடம் நமக்கு அண்மையிலுள்ள கொடைக்கானல். அம்மலைமேல் 1899-இல் பணிதொடங்கிய வானாராய்ச்சி நிலையத்தின் தலைவர் சார்லஸ் மிக்கி ஸ்மித். அவர் அரசாங்க வானநூலறிஞராவதற்கு முன்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர். மாணவர்க்குப் பாடஞ்சொன்ன ஓர் ஆசிரியரே பழனி மலைத்தொடரின் உச்சியில், பகலிற் கதிரவனை நோக்கியும், பூமியின் அசைவைப் பதிக்கும் கருவியைப் பேணியும், அதன் பதிவுகளை ஷைடுக்கு அனுப்பி வந்தார் என்பது, மிஷன் கலாசாலைகளைச் சார்ந்த நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

இவ்வாறு திசையெங்கணுமிருந்து வந்த பதிவுகளை மில்ன் ஒழுங்குபடுத்தி, ஷைடுச் சுற்றறிக்கைகள் என்னும் பெயரால் அச்சிட்டு எல்லா நிலையங்களுக்கும் திருப்பி அனுப்பினார். டோக்கியோவில் அஞ்சலட்டைகளைக் கொண்டு செய்த வேலையையே இப்போது கண்டங்களைக் கொண்டு செய்தார் எனலாம். உலகின் பெருநடுக்கங்கள் எங்கும் சிதறி நேர்வனவல்ல, குறித்த சில வட்டாரங்களிலேயே மீண்டும் மீண்டும் நேர்வன என்பது அவர் வரைந்த படங்களில் புலனாயிற்று. பூமியின் மேலோடு பெரும்பலகைகளாகப் பிரிந்து மெல்ல நகர்கின்றது என்றும், அவற்றின் விளிம்புகளே நடுக்கத்தின் இருப்பிடம் என்றும் 1960-ஆம் ஆண்டுகளில் அறிஞர் நிறுவியபோது, அவ்வட்டாரங்களின் பொருள் விளங்கிற்று.

தொலைவிலுள்ள நடுக்கத்தின் இடத்தை வீட்டிலிருந்தே அறிவது எவ்வாறு என மாணவர் வினவக்கூடும். மின்னலைக் கண்டு இடியைக் கேட்கும் வரை எண்ணிக்கொண்டிருந்து, மேகம் எத்துணைத் தூரத்தில் உள்ளது என நாம் கணிப்பதுண்டு. அதுபோலவே நிலநடுக்கத்திலும் விரைவு வேறுபட்ட அலைகள் உண்டு. முன்னும் பின்னுமாக நெருக்கிச் செல்லும் அலை முதலில் வரும்; பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அலை அடுத்து வரும்; பூமியின் மேற்பரப்பையொட்டிப் பரவும் பேரலை கடைசியில் வரும். முதலிரண்டிற்கும் இடைப்பட்ட நேரம் மிகுமாயின் தூரமும் மிகும். மூன்று நிலையங்கள் தத்தம் தூரத்தைக் கணித்துப் படத்தில் வட்டம் வரைந்தால், வட்டங்கள் கூடுமிடமே நடுக்கம் பிறந்த இடம். 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் தேதி அஸ்ஸாமைக் குலைத்த பெரும் பூகம்பத்தை ஆராய்ந்து இம்மூவகை அலைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர், இந்திய நிலநூல் ஆராய்ச்சித் துறையினரான ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டம். அவரே 1906-இல், பல நிலையங்களின் பதிவுகளை ஒப்பிட்டு, பூமியின் நடுவே வேறு இயல்புள்ள ஒரு கரு உண்டென்று காட்டினார். கண்ணால் எவரும் காணவியலாத பூமியின் உள்ளமைப்பு, மக்களை நடுங்கச்செய்த அவ்வலைகளாலேயே வெளிப்பட்டது.

ஷைடின் புகழை நாட்டார்க்கு உணர்த்திய நிகழ்ச்சியும் உண்டு. கோபே நகரம் பூகம்பத்தால் பேரழிவுற்றதென்று ஒருமுறை இங்கிலாந்துப் பத்திரிகைகளில் செய்தி வெளிவந்தது. அந்நகரில் உறவினரும் பொருளும் உடையார் பலர் கலங்கினர். மில்ன் தம் தாளைப் பார்த்தார். அதில் அசைவு ஏதும் இல்லை. அத்தகைய நடுக்கம் நேர்ந்திருக்க முடியாது என்று அவர் கூறியதே பின்னர் மெய்யாயிற்று. அந்நகரையே 1995-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ஆம் தேதி உண்மையான பூகம்பம் தாக்கி 6,000-க்கு மேற்பட்டோரைக் கொன்றபோது, உலகின் எல்லாக் கருவிகளும் அதனைப் பதிவு செய்தன. ஆனால் பதிவு செய்தல் காத்தலாகாது. வலுவான சுவரே காக்கும் என்பதும் அன்று மீண்டும் தெரிந்தது.

மில்னின் குறைகளை மறைத்தல் அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. அவர் கருவி ஒருமுறை ஆடத் தொடங்கின் எளிதில் நில்லாது. தன் ஆட்டத்தை நிலத்தின் ஆட்டத்தோடு கலந்துவிடும். ஜெர்மானியராகிய வீக்கெர்ட்டும் ருஷ்யராகிய கலிட்ஸினும் அதனினும் சிறந்த கருவிகளை அவர் வாழ்நாளிலேயே அமைத்தனர். அவர் குறித்த இடங்கள் சில இன்றைய அளவைக்கு நூற்றுக்கணக்கான மைல் பிழைபட்டவை. ஆயினும், சிறந்த கருவி ஒன்று ஓரிடத்தில் இருப்பதைக் காட்டிலும், எளிய கருவிகள் நாற்பது இடங்களில் இடைவிடாது இயங்குவதே பயனுடையது என்று அவர் கண்டது பிழைபடவில்லை.

ராயல் சங்கம் 1887-இல் அவரைத் தன் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது. 1908-இல் அரசப் பதக்கம் அளித்தது. முன்காலத்திலிருந்து 1899 வரை உலகில் நேர்ந்த அழிவுமிக்க பூகம்பங்களின் பெரும்பட்டியலையும் அவர் தம் இறுதிக் காலத்தில் தொகுத்து முடித்தார். சிறுநீரக நோயால் வருந்தி, 1913-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் தேதி ஷைடில் காலமாகி, நியூபோர்ட்டை அடுத்த பார்ட்டன் புனித பவுல் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். மனைவியார் 1919-இல் தாய்நாடு திரும்பினார். மில்ன் தொடங்கிய தொகுப்புப் பணி அவரோடு மடியவில்லை. ஆக்ஸ்போர்டு வானநூற் பேராசிரியர் டர்னர் அதனை மேற்கொண்டார். 1964-இல் தோன்றிய சர்வதேச நிலநடுக்க மையம் இன்றும் அதனை நடத்திவருகின்றது.

இவ்வரலாறு நம்மினும் வேறான மக்களைப்பற்றியது என்று ஒதுக்கிவிடுதற்கில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26-ஆம் தேதி, கிறிஸ்து பிறந்த திருநாளின் மறுநாள் காலை, சுமாத்ராத் தீவின் அருகே கடலடியில் பாறை பிளந்தது. சில நிமிடங்களில் உலகின் கருவிகள் அதனை எழுதத் தொடங்கின. கடல் நம் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்திற்குமேல் ஆயிற்று. அவ்விரண்டு மணி நேரத்தில், நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தோர்க்கும், வேளாங்கண்ணியில் வழிபட வந்து கடலாடச் சென்றோர்க்கும் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை. இந்துமாக்கடற்கு எச்சரிக்கை ஏற்பாடு அந்நாளில் இருந்ததில்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் மாண்டனர். கருவி அறிந்தது, மக்கள் அறிந்திலர். அட்டை எழுதப்பட்டது, தபாலிற் சேர்க்கப்படவில்லை. அதன் பின்னரே 2007-இல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது.

நிலநடுக்கம் எந்நாளில் எந்நேரத்தில் வரும் என்று முன்கூட்டி உரைக்கும் வித்தை இன்றும் எவர்க்கும் கைகூடவில்லை. அவ்வாறு உரைப்பதாகக் கூறுவோரை நம்புதற்கில்லை. நம்மால் இயல்வன மூன்றே: நிலத்தின் இயல்பறிந்து வீடு கட்டுதல், நேர்ந்ததை உண்மையாகக் குறித்துவைத்தல், குறித்ததை வேண்டியவர்க்குக் காலத்தில் அறிவித்தல். முதலாவது பொறியாளர் கடமை. ஏனைய இரண்டும் எல்லோர் கடமையுமாம்.

நம் கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவர் பலர் புகழ்பெற்ற ஆராய்ச்சியாளராகாமல், சிற்றூர் அலுவலகங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மருத்துவச் சாலைகளிலும் பணியாற்றுவர். தம் வேலை சிறிது என்று அவர் சோர்வுறும்போது, ஜப்பானில் ஏதோ ஓர் ஊரில் அமர்ந்து, வாரந்தோறும் ஓர் அட்டையில் இரண்டு வரி எழுதி மறவாமல் அனுப்பிய பெயரறியா அலுவலாளரை நினைப்பாராக. அத்தகையோர் ஆயிரவர் கைகளைக் கொண்டே மில்ன் பூமியின் நாடியைப் பார்த்தார். தீயில் யாவும் இழந்தபின்னும் அவர் மீண்டும் எழுந்து நின்றதும் அக்கைகளின்மேல் வைத்த நம்பிக்கையாலேயாம். காலடியிலுள்ள மண் அசையினும், கடமையில் அசையாதிருத்தல் மாந்தர்க்கு இயலும் என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகின்றது.